சாரமும் கில்ட்டும்: பொழுதுபோக்கு நேரங்களில் ஆண்கள் உடுத்துவதற்கு ஒரு வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில் வளர்ந்த ஓர் ஆணுக்கு, கால்களைத் தனித்தனிக் குழாய்களுக்குள் அடைக்காத உடை புதியதன்று. வீட்டில் சாரம் எனப்படும் கைலி, கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் வேட்டி, குளத்துக்குப் போகும்போது துவர்த்து எனப்படும் துண்டு என்று அவனுடைய நாளில் பாதி அப்படித்தான் கழிகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு மணக்குடிக் காயல் வரை போகலாம், மருந்துவாழ் மலையில் ஏறலாம், தூண்டிலோடு கால்வாய்க் கரையில் உட்காரலாம் என்று கிளம்பும்போது மட்டும், கடற்கரை வெக்கைக்குச் சற்றும் பொருந்தாத தடித்த ஜீன்சுக்குள் நுழைந்துவிடுகிறான். மனத்துக்குப் பிடித்ததைச் செய்யும் நேரத்தில்தான் உடலும் இயல்பாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஆறு ஆண்டுகளாக விடுமுறை நாள்களில் நான் கில்ட் என்னும், பின்புறம் மடிப்பு வைத்து முழங்கால் வரை வரும் ஸ்காட்லாந்து ஆண்களின் உடையை உடுத்தி வருகிறேன். அதில் கற்றவற்றைப் புதிதாகத் தொடங்க விரும்புவோருக்குப் பயன்படும்படி இங்கே எழுதுகிறேன்.

சாரம் இருக்கும்போது கில்ட் எதற்கு என்று முதலில் நானும் கேட்டுக்கொண்டேன். சாரத்தின் குளிர்ச்சிக்கு ஈடில்லை. ஆனால் அது இடுப்பில் செருகிய செருகலை மட்டும் நம்பி நிற்கும் உடை. இரண்டு கைகளும் வேலையில் இருக்கும்போது அது நெகிழத் தொடங்கினால், கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் உடுத்த வேண்டியிருக்கிறது. படியேறும்போது விளிம்பு காலில் மிதிபடுகிறது. மடித்துக் கட்டினாலோ கால் மணி நேரத்தில் அவிழ்ந்துவிடுகிறது. கைப்பேசி வைக்கப் பையும் இல்லை. கில்ட் வார்ப்பூட்டால் (பக்கிள்) இடுப்பில் பூட்டப்படுகிறது, முழங்காலோடு நின்றுவிடுகிறது, பின்புற மடிப்புகள் காலின் ஒவ்வோர் அசைவுக்கும் விரிந்து கொடுக்கின்றன. காற்றோட்டத்தில் சாரத்தைப் போலவும் உறுதியில் காற்சட்டையைப் போலவும் இருப்பதுதான் அதன் சிறப்பு.

இது ஸ்காட்லாந்தின் மலைநாட்டு உடை என்பது பலருக்கும் தெரியும். 16-ஆம் நூற்றாண்டில் அது தைக்கப்பட்ட உடையாகவே இல்லை. ஒரே நீளக் கம்பளித் துணியை மடிப்பு வைத்து இடுப்பில் கச்சையால் இறுக்கி, மீதியைத் தோளில் போட்டுக்கொண்டார்கள். 18-ஆம் நூற்றாண்டில் மேற்பகுதி நீங்கி, இடுப்புக்குக் கீழே உள்ள பகுதி தனி உடையாயிற்று. மலைநாட்டவரின் கிளர்ச்சிக்குப் பின் பிரிட்டிஷ் அரசு 1746-இல் இந்த உடையைச் சட்டம் போட்டுத் தடுத்தது; 1782-இல்தான் தடை நீங்கியது. மரபான கில்ட்டுக்கு 8 கஜம் கம்பளி என்பது கணக்கு. ஒரு முழம் அரைக் கஜம் ஆகையால், நம்முடைய எட்டு முழ வேட்டி அதில் சரிபாதி. அவ்வளவு கம்பளியை நாகர்கோவில் வெயிலில் இடுப்பில் சுமக்க யாராலும் முடியாது. நம் தட்பவெப்பத்துக்கு நாம் தைத்துக்கொள்வதுதான் முறை. இணையத்தில் வாங்கிய கம்பளிக் கலப்புக் கில்ட் ஒன்றை நான் இரண்டே முறை உடுத்தினேன். இரண்டு முறையும் இடுப்பைச் சுற்றி வேர்க்குரு வந்ததுதான் மிச்சம்.

துணியும் தையலும்தான் இந்த வழிகாட்டியில் முக்கியமான பகுதி. இதில் பொறுமையாக இருந்தால் மற்றவை எளிதாகிவிடும். சாரத் துணி கில்ட்டுக்கு உதவாது. அது மெல்லியது, மடிப்பு நிற்காது, சிறு காற்றுக்கும் எழும்பும். காற்சட்டைக்கு வாங்கும் பருத்தி டிரில் துணிதான் சரி. மழைக்காலத்துக்குப் பாலியெஸ்டர் கலந்தது ஒன்று இருந்தால் விரைவில் உலரும். கட்டம் போட்ட துணி வேண்டுமென்றால் நம் கைலிகளில் காண்பது போன்ற கட்டங்களிலேயே தடித்த துணியைத் தேடிப் பாருங்கள். டார்டன் எனப்படும் ஸ்காட்லாந்துக் கட்டங்களில் பல குறிப்பிட்ட குலங்களோடும் படைப்பிரிவுகளோடும் தொடர்புடையவை. நமக்கு உறவில்லாத ஒரு குலத்தின் அடையாளத்தை உடுத்துவதைவிட நம் கண்ணுக்குப் பழகிய கட்டமே எனக்கு நிறைவளிக்கிறது.

அளவு எடுக்கும்போது காற்சட்டைக்கு எடுக்கும் இடத்தில் எடுக்கக் கூடாது. கில்ட் தொப்புள் மட்டத்தில் நிற்கும் உடை. அங்கே ஒரு சுற்றளவு, பின்புறம் மிக அகன்ற இடத்தில் ஒரு சுற்றளவு, தொப்புள் மட்டத்திலிருந்து முழங்காலின் நடுப்பகுதி வரை நீளம் ஆகிய மூன்றும் போதும். மேலே 33 அங்குலம், அகன்ற இடத்தில் 36 அங்குலம், நீளம் 24 அங்குலம் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். முன்பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மடிப்பில்லாத முகப்புகள் வரும். பின்பாதியான 18 அங்குலம் முழுவதும் மடிப்பு. ஒவ்வொரு மடிப்பும் வெளியே ஒன்றரை அங்குலம் தெரிந்தால் 12 மடிப்புகள் ஆகும். உள்ளே 2 அங்குல ஆழம் போய்த் திரும்புவதற்கு 4 அங்குலம் சேர்ந்து, ஒரு மடிப்பு ஐந்தரை அங்குலத் துணியை எடுக்கும். 12-க்கு 66 அங்குலம். முகப்புகள் இரண்டுக்கும் 36 அங்குலம், ஓரம் மடக்க 4 அங்குலம் என மொத்தம் 106 அங்குலம், அதாவது ஏறத்தாழ 2.7 மீட்டர். 58 அங்குல அகலத் துணியில் குறுக்கே பாதியாக வெட்டினால் இரண்டு பட்டைகள் கிடைக்கும். அவற்றை இணைக்கும் மூட்டு ஒரு மடிப்பின் உட்புறத்தில் மறைந்துவிட வேண்டும். இடுப்புப் பட்டை, பைகள், துணி சுருங்குதல் எல்லாவற்றையும் சேர்த்து 2 மீட்டர் வாங்கினால் போதும். வெட்டுவதற்கு முன் ஒருமுறை நனைத்து உலர்த்திவிடுங்கள்.

சுற்றளவு 36-இலிருந்து 33-ஆகக் குறைய வேண்டிய 3 அங்குலத்தில் பாதியை முகப்பின் ஓரங்களிலும், மீதி ஒன்றரை அங்குலத்தை 12 மடிப்புகளிலும் பகிர வேண்டும்; ஒவ்வொரு மடிப்பும் மேலே போகப்போக அரைக்கால் (1/8) அங்குலம் குறுகும். மடிப்புகளை மேலிருந்து ஏறத்தாழ 8 அங்குலம் வரை தைத்து மூடிவிட வேண்டும். அதற்குக் கீழேதான் அவை விரியும். இந்த ஒரு தையலை விட்டுவிட்டால் கில்ட் பின்புறம் குடைபோல் உப்பிவிடும். என் முதல் உடைக்கு இதை நான் சொல்ல மறந்ததால் முழுவதையும் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று.

நம் ஊர்த் தையற்காரர்களுக்குக் கில்ட் தெரியாவிட்டாலும் மடிப்பு நன்றாகவே தெரியும். பள்ளிச் சீருடைகள் அவர்கள் கையில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் போகின்றன. கோட்டாறு கம்போளத்துக்கு அருகே ஒரு சிறு கடையில் நான் வரைந்து காட்டியபோது, அந்தப் பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு உள்ள பாவாடையா மக்கா?” என்று கேட்டார். “இல்ல அண்ணே, எனக்குத்தான்” என்றேன். சற்று நேரம் படத்தையே பார்த்திருந்துவிட்டு, “அப்பம் பிளீட்டு கொஞ்சம் பெருசா வைக்கணும்” என்று அளவுநாடாவை எடுத்தார். தயங்காமல், மறைக்காமல் சொல்லிவிடுவதே நல்லது. உடுத்துபவரின் உடலைப் பார்த்துத் தைக்கும்போதுதான் உடை சரியாக அமைகிறது. பூட்டுவதற்கு இரும்பு வார்ப்பூட்டு வேண்டாம். கடற்காற்றில் ஒரு மழைக்காலத்துக்குள் துருப்பிடித்துத் துணியில் கறை விடும். துருப்பிடிக்காத எஃகோ உறுதியான பிளாஸ்டிக்கோ போதும். பக்கவாட்டில் ஆழமான இரண்டு பைகளையும் சேர்த்துத் தைக்கச் சொல்லுங்கள்.

உள்ளாடை கட்டாயம். தொடையின் நடுப்பகுதி வரை வரும் இறுக்கமான அரைக்கால் உள்ளாடை அணிந்தால், நீண்ட நடையில் தொடைகள் உரசிப் புண்ணாவதும் இல்லை, காற்றில் உடை விலகினாலும் கவலை இல்லை. ஸ்காட்லாந்தில் முன்பக்கம் தொங்கவிடும் தோற்பைக்குப் பதிலாக நான் சிறிய இடுப்புப் பை ஒன்றைக் கட்டுகிறேன். அதன் எடை முகப்பை அழுத்திக்கொள்ள உதவுகிறது. முகப்பின் கீழ் ஓரத்தில் பெரிய ஊக்கு ஒன்று குத்துவார்கள் அல்லவா, அதை வெளி முகப்பில் மட்டும் குத்த வேண்டும். இரண்டு முகப்புகளையும் சேர்த்துக் குத்தினால், கால் அகலும்போது துணி கிழிந்துவிடும்.

வெளியே கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே உட்காரப் பழகுங்கள். நாற்காலியில் உட்காரும்போது, புறங்கையால் பின்மடிப்புகளைக் கீழ்நோக்கித் தடவியபடியே உட்கார வேண்டும். முழங்கால்கள் சேர்ந்திருக்க, முகப்பைத் தொடைகளுக்கு நடுவே அழுத்திவிட வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் சிறு வயதிலேயே கற்றுக்கொண்ட அசைவு இது. எனக்கு என் அக்காதான் சொல்லிக்கொடுத்தார். சம்மணம் போடுவதில் சிக்கல் இல்லை. குத்தவைத்து உட்காருவதுதான் கடினம். அப்போது ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, உடலைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டால் முகப்பு திரைபோல் விழுந்து நிற்கும். கண்ணாடி முன் பத்து முறை செய்து பார்த்தால் பிறகு உடல் தானாகவே செய்யும்.

சைக்கிள் ஓட்டுவதற்குக் குறுக்குக் கம்பி தாழ்ந்த சட்டம் உள்ள வண்டியே வசதி. காலைப் பின்பக்கமாக வீசி ஏற வேண்டியதில்லை. உயர்ந்த கம்பியுள்ள வண்டி மட்டுமே இருந்தால், அதை உங்கள் பக்கம் நன்றாகச் சாய்த்து, முகப்பை ஒரு கையால் பிடித்தபடி காலை முன்பக்கமாகத் தாண்டி வையுங்கள். சிறு தூரத்துக்கு மடிப்புகளின் மேலேயே உட்காரலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் மடிப்புகளின் தடிப்பு உறுத்தும். அப்போது அவற்றை இருக்கைக்குப் பின்னால் தொங்கவிட்டு, சக்கரத்துக்கு மட்கார்டும் சங்கிலிக்கு மூடியும் இருக்கின்றனவா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த வழி, நாகர்கோவிலிலிருந்து கவிமணி பிறந்த தேரூருக்கும் அங்கிருந்து சுசீந்திரத்துக்கும் வயல்களையும் குளங்களையும் ஒட்டிப் போகும் சாலை. மோட்டார் சைக்கிளுக்கு இந்த உடையை நான் பரிந்துரைக்க மாட்டேன். சைலன்சரின் சூடு வெறும் கெண்டைக்காலை நொடியில் சுட்டுவிடும், விழுந்தால் காப்புக்கு ஒன்றும் இல்லை.

அந்தச் சாலையோரக் குளங்களில் பறவை பார்ப்பதற்குக் கில்ட்டைப்போல் ஏற்ற உடை வேறில்லை என்றே சொல்வேன். சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்க்கப்பட்டவை. கூழைக்கடாக்களும் அரிவாள்மூக்கன்களும் இறங்கும் காலத்தில் அங்கே மணிக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டியிருக்கும். காற்சட்டையில் முழங்காலின் பின்புறம் வியர்த்துப் பிசுபிசுக்கும் அந்த நேரத்தில் கில்ட்டில் காற்று உலவிக்கொண்டே இருக்கிறது. துணி மட்டும் காவி, பாசிப்பச்சை போன்ற மங்கிய நிறத்தில் இருக்கட்டும். கொசுவுக்கு முழங்கால் வரை நீளும் காலுறை வேண்டும்.

மலையேற்றத்தில் முழங்காலை எவ்வளவு உயர்த்தினாலும் துணி இழுத்துப் பிடிக்காது என்பதை முதல் பத்துப் படிகளிலேயே உணர்வீர்கள். மருந்துவாழ் மலைப் பாதை படிகளாகவும் பாறைகளாகவும் இருப்பதால், நாராயண குரு தவமிருந்த குகை வரை ஏறுவது கில்ட்டுக்கு நல்ல முதற்பயிற்சி. மேலே போகப்போகப் பாறைகள் சூடேறியிருக்கும்; ஒரு துவர்த்தை விரித்து அதன்மேல் உட்காருங்கள். முட்செடிகள் காலைக் கீறும் என்பதால் நீண்ட காலுறை இங்கும் வேண்டும். பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கம் மழைக்காலத்தில் போகிறவர்கள் இரத்தம் உறிஞ்சும் அட்டைகளை நினைவில் கொள்ள வேண்டும். அங்கே காலுறைக்குள் உப்பும் புகையிலைத் தூளும் தடவிக்கொள்வது பழைய வழக்கம். ஆனாலும் அடர்ந்த காட்டில் நான் காற்சட்டைக்கே மாறிவிடுகிறேன். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இவ்வளவு தூரம் இதில் நடக்க முடியுமா என்று ஐயப்படுவோர் சிவராத்திரியன்று நம் சாலைகளைப் பார்த்தால் போதும். முஞ்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை 12 சிவாலயங்களுக்கு, “கோவிந்தா கோபாலா” என்று முழங்கியபடி, கையில் விசிறியோடு வேட்டி உடுத்திய ஆண்கள் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடியும் நடந்தும் போகிறார்கள். அந்தக் கால்களுக்கு இந்த உடையைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தூண்டில் போடுவோருக்கு இரண்டே செய்திகள். கெண்டைக்கால் அளவு நீரில் நின்றால் சாரம் நனைந்து காலோடு ஒட்டிக்கொள்ளும், கில்ட்டின் விளிம்பு நீருக்கு மேலேயே நிற்கும். ஆனால் மாற்று முள்ளை ஒருபோதும் உடையில் குத்தி வைக்காதீர்கள். மடிப்புக்குள் போன முள் உட்காரும்போதுதான் தன் இருப்பைத் தெரிவிக்கும். தோட்ட வேலையில், மா, கொல்லாம் (முந்திரி) மரங்களின் அடியில் முசுறு எறும்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நில்லுங்கள். ஏணியிலும் மரத்திலும் ஏறும் வேலையைக் கில்ட்டில் செய்ய வேண்டாம். கேரம், சதுரங்கம், வாசிப்பு ஆகியவற்றுக்குத் தனியாக எதுவும் சொல்லத் தேவையில்லை.

காற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளை நிறுத்தியிருக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் அங்கும், முட்டம் பாறைகளிலும், 115 அடி உயர மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேலும் காற்று உடையைச் சோதித்துவிடும். முகப்பு இரட்டைத் துணி என்பதால் தாங்கும், எழும்புவது பின்மடிப்புகள்தான். ஆகவே படம் எடுக்கவோ வேடிக்கை பார்க்கவோ நிற்கும்போது காற்றுக்கு முகம் கொடுக்காமல் முதுகைக் கொடுத்து நின்றால், மடிப்புகள் காலோடு படிந்துவிடும். கீழ் விளிம்பை இரண்டு அங்குலம் அகலமாக இருமுறை மடக்கித் தைத்தால் எடை கூடும்.

ஊர்க்காரர்களைப் பற்றிய கவலையே பலரையும் தடுத்து நிறுத்துகிறது. என் அனுபவத்தில் இளைஞர்கள் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சிறுவர்கள் கேள்வி கேட்கிறார்கள், பதில் சொன்னால் நிறைவடைகிறார்கள். பெரியவர்களிடம்தான் உண்மையான நுட்பம் இருக்கிறது. மடித்துக் கட்டிய வேட்டியோடு வரும் ஒருவர் மூத்தவரைக் கண்டதும் மடிப்பை அவிழ்த்துக் கணுக்கால் வரை விடுவது நம் மரியாதை. முழங்காலோடு முடியும் கில்ட்டில் அவிழ்த்துவிட ஒன்றும் இல்லை. அது மடித்துக் கட்டிய கோலத்திலேயே நிற்பதுபோல் அவர்களுக்குத் தோன்றுகிறது. என் பெரியப்பாவின் முகத்தில் அந்தச் சங்கடத்தைப் பார்த்த பிறகு, கெண்டைக்கால் வரை வரும் நீளமான கில்ட் ஒன்றைத் தனியாகத் தைத்துக்கொண்டேன். உறவினர் வீட்டு வழியாகப் போகும் நாள்களில் அதைத்தான் உடுத்துகிறேன். அதே நேரத்தில் இன்னொன்றையும் நினைத்துக்கொள்கிறேன். இந்தத் தென் திருவிதாங்கூர் மண்ணில் யார் எதை எதுவரை உடுத்தலாம் என்பதைச் சாதி முடிவு செய்த காலம் இருந்தது. பெண்கள் மார்பை மறைக்கும் தோள்சீலைக்காகப் போராடி 1859-இல் அரசாணை பெற்றார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒருவருடைய உடையைக் கண்டு சிரிப்பதற்கு முன் யாராயினும் ஒரு நொடி யோசிக்க வேண்டும் என்று நான் மனதார நம்புகிறேன்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். வேட்டி கட்டி வந்த நீதிபதி ஒருவருக்குச் சென்னையில் ஒரு கிளப்பில் அனுமதி மறுக்கப்பட்டதைத் தொடர்ந்து, 2014-இல் தமிழக அரசு இயற்றிய சட்டம் வேட்டிக்கும் பிற இந்தியப் பாரம்பரிய உடைகளுக்கும் பொது இடங்களில் காப்பளிக்கிறது. கில்ட் அதில் அடங்காது. எனவே உடைக் கட்டுப்பாடு உள்ள இடங்களில் வாதாடாமல் வேட்டிக்கு மாறுவதே முறை. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோவிலைப்போல் வேட்டி வேண்டும் என்று வரையறுத்த கோவில்களுக்கும் அப்படித்தான். மடித்த நாலு முழ வேட்டி ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும்.

துவைப்பதில் சிறு அக்கறை வேண்டும். நீரில் போடுவதற்கு முன் மடிப்புகளின் கீழ் விளிம்பில் நீண்ட தையலாக ஒரே நூலை ஓட்டி, எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள். உப்புக்காற்று பட்ட உடையை அன்றே நல்ல நீரில் அலச வேண்டும். பிழியாமல், இடுப்புப் பட்டையில் கிளிப் போட்டு நிழலில் தலைகீழாகாமல் தொங்கவிட்டால், நீரின் எடையே மடிப்புகளை நேராக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அரை ஈரத்தோடு மடித்து வைத்தால் கரும்புள்ளி விழும். மின்விசிறிக்குக் கீழே ஓர் இரவு முழுவதும் விட்டு, மறுநாள் ஈரத் துணியை மேலே விரித்து இஸ்திரி போட்ட பிறகே அந்த நூலை உருவி எடுங்கள்.